பிடித்ததை விடாமல் குறைப்பது

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த அன்று எடுக்கிற சபதம்தான் சீக்கிரம் உடைகிறது. அன்று இரவே சர்க்கரை டப்பா பரண் மேல் ஏறும். நெய் ஜாடி மகள் வீட்டுக்குப் போகும். மூன்று வேளையும் கோதுமை ரவை, வேகவைத்த காய், உப்பில்லாத மோர். இரண்டு வாரம் எப்படியோ ஓடிவிடும். மூன்றாவது வாரம் ஒரு கல்யாணம் வரும். பந்தியில் உட்கார்ந்து எழுந்ததும், "இனிமே என்ன, அதான் சாப்பிட்டாச்சே" என்று தோன்றும். பழைய பழக்கம் முன்னைவிட வேகமாகத் திரும்பிவிடும்.

இதற்கு மனஉறுதி இல்லாததைக் காரணமாகச் சொல்வது நியாயமில்லை. உணவை மாற்றுவது என்றால் நம் வீடுகளில் தெரிந்த ஒரே வழி பத்தியம். மஞ்சள் காமாலைக்கும் பிள்ளை பெற்ற உடம்புக்கும் அது பொருந்தும். பத்து நாளோ ஒரு மண்டலமோ, அதற்கு ஒரு முடிவு உண்டு. ஐம்பது வயதுக்குப் பிறகு சாப்பிடப்போகும் சாப்பாட்டுக்கு அப்படி ஒரு முடிவு நாள் கிடையாது. இன்னும் இருபது, முப்பது வருஷம் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய தட்டு அது. அதைத் தண்டனையாக மாற்றினால் யாராலும் தாங்க முடியாது.

அதனால் இந்த அத்தியாயத்தில் எதையும் அடியோடு விடச் சொல்லப்போவதில்லை. நாம் கூடுதலாகச் சாப்பிடுவதில் பெரும்பகுதி நமக்குப் பிடித்த பண்டமே அல்ல. கை பழகிவிட்டதால், பாத்திரத்தில் மிச்சம் இருப்பதால், டிவி ஓடிக்கொண்டிருப்பதால் உள்ளே போவது அது. ருசி தெரியாமல் தின்பதை முதலில் நிறுத்தினால், ருசித்துச் சாப்பிடுவதற்குத் தட்டில் இடம் கிடைக்கும். கீழே வருவதெல்லாம் அதைச் செய்யும் வழிகள்தான்.

உடம்பில் மாறுவதும் மாறாததும்

"நாற்பது தாண்டியதும் உடம்பு எரிப்பதை நிறுத்திவிடுகிறது, அதனால்தான் தொப்பை" என்று பலரும் நம்புகிறார்கள். 2021-இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு இதை மறுத்தது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் அதிகமானவர்களை, பிறந்து எட்டே நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை, அளந்து பார்த்தார்கள். உடலின் அளவுக்கு ஏற்பக் கணக்கிட்டால், நாம் செலவிடும் ஆற்றல் 20 வயதிலிருந்து 60 வயது வரை ஏறத்தாழ ஒரே மட்டத்தில்தான் இருக்கிறது. அறுபதுக்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் என்ற அளவில் மெல்ல இறங்கத் தொடங்குகிறது.

அப்படியானால் நாற்பத்தைந்தில் இடுப்பு பெருப்பது ஏன்? நடை குறைந்தது, வசதி கூடியது, தசை தேய்ந்தது ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். இப்போது அறுபது, எழுபதில் இருப்பவர்களில் கிராமத்தில் வளர்ந்த பலருக்கு, சிறு வயதில் இட்லியும் தோசையும் தீபாவளி, பொங்கலுக்கு வரும் பண்டம். மற்ற நாளெல்லாம் கம்பங்கூழ், களி, பழைய சோறு. ஏங்கிச் சாப்பிட்ட அந்த விசேஷச் சாப்பாடு இன்று எல்லா நாளும் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு வயிறு நிறையப் போடுவதுதான் பாசம் என்று வாழ்ந்த தலைமுறை அது. அந்தப் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் விசேஷத்தை அன்றாடமாக்கிக்கொண்டதன் விலையை நம் கணையம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவும், ஏறத்தாழ 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது.

தசையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. முப்பது வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். வாங்கிக்கொள்ளும் இடம் சுருங்கிவிட்டால், இருபத்தைந்து வயதில் ஒன்றும் செய்யாத அதே மூன்று கரண்டிச் சோறு ஐம்பத்தைந்தில் சர்க்கரையை உயர்த்தும். எடை பார்க்கும் இயந்திரத்துக்கு இது தெரியாது. தசை போய்க் கொழுப்பு வந்து எடை மாறாமல் நிற்கலாம். அதனால் தையல்காரரின் அளவு நாடா ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

இன்னொரு மாற்றம் நாக்கிலும் மூக்கிலும் நடக்கிறது. வயதாக ஆக வாசனையும் சுவையும் மங்குகின்றன. "இப்பல்லாம் நீ வைக்கிற சாம்பார்ல ஒண்ணுமே இல்லையே" என்று மனைவியிடம் சொல்பவர்கள், பல நேரம் தங்கள் நாக்கு மாறியதை அவர் கையின் மேல் போடுகிறார்கள். அப்போது கை தானாக ஊறுகாய் ஜாடிக்குப் போகும்; காபியில் அரை ஸ்பூன் கூடும். மங்கிய சுவைக்கு மருந்து உப்பும் சர்க்கரையும் என்று பழகிவிட்டால் அதற்கு முடிவே இல்லை. புளிப்பு, காரம், வாசனை மூன்றும் அதைவிட நன்றாக உதவும். இறக்கும்போது பிழிந்த எலுமிச்சை, நுணுக்கிய மிளகு, கடைசியில் தாளித்த கறிவேப்பிலை, மல்லித்தழை, வறுத்துப் பொடித்த சீரகம் எல்லாம் சேர்ந்தால் உப்பு குறைந்தது தெரியாது.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை

இன்சுலின் போடுகிறவர்களும், கணையத்தைத் தூண்டும் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும், உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். சோற்றைப் பாதியாக்கிவிட்டு மாத்திரையை மட்டும் பழையபடி போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல், தடுமாற்றமான பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். தனியாக இருக்கும் முதியவருக்கு இது உயர்ந்த சர்க்கரையைவிட உடனடியான ஆபத்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த அத்தியாயத்தில் வரும் பருப்பு, சுண்டல், உப்பு பற்றிய பரிந்துரைகள் அப்படியே பொருந்தா.

முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம்

அடுப்படியில் தொங்கும் தினசரிக் காலண்டரைக் கிழிக்கும்போது அந்தத் தாளை எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள். அதன் பின்பக்கத்தில் அன்று வாய்க்குள் போனதையெல்லாம் எழுதுங்கள். அளவு வேண்டாம், பெயர் போதும். இரவில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து: ரசித்துச் சாப்பிட்டது என்றால் 'ர', பழக்கத்தில் சாப்பிட்டது என்றால் 'ப', வீணாகிவிடுமே என்று சாப்பிட்டது என்றால் 'மி'. நேர்மையாக எழுத வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

வார முடிவில் ஏழு தாள்களையும் பரப்பிப் பாருங்கள். காலை காபியோடு கையில் எடுத்த இரண்டு பிஸ்கட், பேப்பர் படிக்கும்போது கொறித்த மிக்சர், சீரியல் நேரத்து முறுக்கு, "நீங்க ஒரு வாய் டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டவருக்காகக் குடித்த மூன்றாவது டீ என்று 'ப' வரிசை நீளமாக இருக்கும். இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்டிருக்கமாட்டீர்கள். இங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணிக்கு நேரே 'ர' இருந்தால் இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள்.

'மி' வரிசை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தாளில்தான் நீளும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் சட்டியில் ஒட்டிய பொங்கல், பேரன் பாதியில் வைத்துப்போன பூரி, நேற்றைய குழம்போடு ஒரு கரண்டிச் சோறு. நாற்பது வருஷமாக நம் அம்மாக்களின் உடம்பு வீட்டு மிச்சத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. வீணாக்கக்கூடாது என்ற அவர்களுடைய எண்ணம் மிக உயர்ந்தது, அதில் மறுபேச்சு இல்லை. அதற்குத் தீர்வு உலை வைக்கும்போதே கால் டம்ளர் அரிசியைக் குறைப்பது. அப்புறம், எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து தனக்கென்று ஒரு தட்டு போட்டுச் சாப்பிடுவது. இரண்டாவதைச் செய்ய வீட்டில் மற்றவர்கள் எழுந்து பரிமாறிக்கொள்ளப் பழக வேண்டும். அந்த மாற்றம் நடக்காத வீட்டில் அம்மாவின் சர்க்கரை குறையாது என்றே நான் நினைக்கிறேன்.

மளிகைச் சீட்டு சொல்லும் கணக்கு

ஒவ்வொரு வேளையும் அளந்து சாப்பிட யாராலும் முடியாது. மாதச் சாமானை அளப்பது எளிது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இரண்டு பேருக்கு மாதம் 300 கிராம். ஆக, ஒரு கிலோ உப்புப் பாக்கெட் மூன்று மாதத்துக்கு மேல் வர வேண்டும். இதிலேயே ஊறுகாய், அப்பளம், வடாம், கருவாடு, கடை மிக்சர் ஆகியவற்றில் இருக்கும் உப்பையும் கழிக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்று இன்று தொடங்கி, மேலே தேதி எழுதி வைத்துப் பாருங்கள். இந்துப்பு, கல்லுப்பு என்று மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் குறையாது, அவற்றிலும் சோடியம்தான். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சில வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிட்டாலோ அது ஆபத்தாகலாம், கேட்காமல் வாங்க வேண்டாம்.

எண்ணெயும் நெய்யும் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 25 கிராம் என்று வைத்துக்கொண்டால், இருவருக்கு மாதம் ஒன்றரைக் கிலோ. செக்கு எண்ணெய் என்பதால் கூடுதலாக ஊற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். மாதத் தொடக்கத்தில் ஒன்றரைக் கிலோவைத் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்து, அது தீரும் தேதியைக் குறித்தால் போதும். இருபதாம் தேதியே தீர்ந்தால் அடுத்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி வரை இழுங்கள். ஒரேயடியாக முப்பதுக்குப் போக முயலாதீர்கள்.

காபி

சர்க்கரைக் கணக்கைக் காபியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டு வீட்டில் சர்க்கரை உள்ளே போகும் பெரிய வாசல் இனிப்புக் கடையல்ல, டவராவும் டம்ளரும்தான். நாளைக்கு நான்கு காபி, டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 40 கிராம், மாதம் 1,200 கிராம். மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ சர்க்கரையை ஒருவர் குடித்தே தீர்க்கிறார். வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அதாவது, ஒரு மைசூர்பாகைக்கூடத் தொடாமல் எல்லையைத் தாண்டிவிடுகிறோம்.

நாளை முதல் சர்க்கரையே இல்லாத காபி என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரு வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள். படிப்படியாகக் குறைப்பதே நிற்கிறது. முதலில் எண்ணிக்கையைத் தொடுங்கள். உங்கள் தாளில் 'ப' போட்ட காபி எதுவோ அதுதான் போக வேண்டும். விடிகாலைக் காபி அநேகமாக எல்லோருக்கும் 'ர' ஆக இருக்கும், அது நிற்கட்டும். பதினொரு மணிக் காபிக்குப் பதில் நீர்மோர் நன்றாகப் பொருந்துகிறது. வயதானால் தாகம் தெரிவது குறைவதால், பல நேரம் தண்ணீர் தேவையைத்தான் காபி ஆசை என்று எடுத்துக்கொள்கிறோம்.

எண்ணிக்கை இரண்டானபின் ஸ்பூனைத் தொடலாம். ஒவ்வொரு காபியிலும் கால் ஸ்பூன் குறையுங்கள். இரண்டு வாரம் அதிலேயே இருங்கள். நாக்கு பழகியதும் அடுத்த கால் ஸ்பூன். இப்படி நான்கைந்து மாதத்தில் இரண்டு ஸ்பூன் அரை ஸ்பூனுக்கோ வெறுமைக்கோ வந்துவிடும். அந்த நிலைக்கு வந்தபின் பழைய இனிப்பில் ஒரு காபி கொடுத்துப் பாருங்கள், பாயசம் மாதிரி இருக்கிறது என்று கீழே வைத்துவிடுவார்கள். டிகாக்ஷன் நன்றாக இருந்தால் சர்க்கரை குறைவது வலிக்காது. நல்ல கொட்டையைப் புதிதாக அரைத்து வாங்குங்கள், சிக்கரியைக் குறையுங்கள், முதல் டிகாக்ஷனில் போடுங்கள். பணம் செலவழிக்க வேண்டிய இடம் இது.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கருப்பட்டியின் மணத்துக்காக அதைச் சாப்பிடுங்கள், ஆனால் சர்க்கரைக்கு மாற்று மருந்தாக நினைத்து வேண்டாம். எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவைதான். "வெல்லம்தானே" என்று இரண்டு மடங்கு போட்டுக்கொள்வது வெள்ளைச் சர்க்கரையைவிடக் கெடுதல்.

மாலை ஐந்துக்குப் பிறகு காபி வேண்டாம். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். அறுபதுக்கு மேல் தூக்கம் ஏற்கெனவே லேசாகிவிட்டிருக்கும். தூங்காத இரவுக்கு மறுநாள் பசி அதிகம். இனிப்பையும் வறுவலையும்தான் அது கேட்கும்.

மூன்று சுற்றுச் சோறு

நம் மதியச் சாப்பாட்டின் அமைப்பே சோற்றைக் கூட்டுவது. சாம்பாருக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, தயிருக்கோ மோருக்கோ ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றும் சிறிதாகத்தான் தெரியும். மூன்றும் சேர்ந்தால் தட்டு முழுக்கச் சோறு. பொரியலும் கூட்டும் ஓரத்தில் தொட்டுக்கொள்ள. 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தட்டில் பாதி காயும் பழமுமாக இருக்கட்டும் என்கின்றன. நம்முடையது நேர் எதிர்.

சோற்றின் இடத்தில் சப்பாத்தியைக் கொண்டுவருவதைவிடச் சுற்றுகளைக் குறைப்பது நம் நாக்குக்கு ஒத்துவரும். சாம்பாருக்கோ குழம்புக்கோ மட்டும் சோறு. ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடியுங்கள். மோரையும் அப்படியே. ருசியில் ஒன்றும் போகவில்லை, மூன்றில் இரண்டு சுற்றுச் சோறு போய்விட்டது. தயிர்ச்சோறு இல்லாமல் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்பவர்கள் நடுச் சுற்றை மட்டும் விடட்டும்.

அடுத்தது வரிசை. இலையில் முதலில் வைப்பது காய். கடைசியில் சாப்பிடுவதும் அதுதான். இதைத் திருப்பிப் போடுங்கள். கூட்டு, பொரியல், முட்டை, மீன் ஆகியவற்றில் பாதியை முதலில் வெறுமனே சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்கு வாருங்கள். காயும் புரதமும் முதலில் போனால் அதே அளவு சோற்றுக்குச் சர்க்கரை மெதுவாக ஏறும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பிட்டதும் படுக்காமல் பத்து, பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயோ மொட்டை மாடியிலோ நடந்தால் இன்னும் நல்லது. செலவில்லாத வைத்தியங்களில் இவை இரண்டுக்கும் நான் முதலிடம் கொடுப்பேன்.

இரவு டிபனில் சிக்கல் வேறு மாதிரி. தோசையை எண்ணுவது சாப்பிடுகிறவர் அல்ல, கல்லருகே நிற்கிறவர். "மொறுமொறுன்னு இருக்கு, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று தட்டில் விழும். சுடச்சுட ஒவ்வொன்றாக வரும்போது வயிறு நிறைந்தது தெரிவதற்குள் நாலாவது வந்துவிடும். உட்காரும் முன்பே எண்ணிக்கையைச் சொல்லிவிடுவதும், காய் நிறையப் போட்ட சாம்பாரை ஒரு கிண்ணம் முதலில் கேட்பதும் உதவும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட்டால் நெஞ்செரிச்சல் பாதி குறையும்.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எலும்பு தேயும் வயதில் அது பெரிய வரம். ஆனால் நைசாக அரைத்த மாவில் கூழோ தோசையோ செய்து வயிறு முட்டச் சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். அரிசிக்குச் சொன்ன அளவு அதற்கும் உண்டு.

நாலு மணி

ஓய்வு பெற்றவர்களுக்கு நாளின் மிக ஆபத்தான நேரம் மாலை நாலு மணி. தூங்கி எழுந்த நேரம், செய்ய ஒரு வேலையும் இல்லை, தெருமுனையில் பஜ்ஜி வாசனை. அந்நேரத்துப் பசி உண்மையான பசிதான். அதை அடக்கினால் இரவில் இரட்டிப்பாகத் திரும்பும். அதற்கு முன்கூட்டியே தயாராக இருப்பதுதான் வழி. காலையில் ஊறவைத்த கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு இவற்றில் ஒன்றை மூன்றரைக்கு வேகவைத்துத் தாளித்துவிட்டால் பஜ்ஜி தோற்றுவிடும். ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் 14 கிராம் போலப் புரதம் இருக்கிறது. தசையைக் காக்க முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும் என்று வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். 60 கிலோ எடைக்கு 60 கிராம். இட்லி, சோறு, ரசம் என்று போகும் சைவச் சாப்பாட்டில் இந்த அளவை எட்டுவது கடினம். அதனால் சுண்டலை நவராத்திரிக்கு மட்டும் விட்டுவைக்க வேண்டாம்.

வடை சாப்பிடவே கூடாதா என்றால், சாப்பிடலாம். வீட்டில், புது எண்ணெயில், உளுந்தோ கடலைப்பருப்போ அரைத்து, எப்போதாவது. கடையில் கறுத்துப்போன எண்ணெயைக் கண்டால் திரும்பிவிடுங்கள். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கு 2018 முதல் சட்டப்படியே எல்லை இருக்கிறது; நம் கண்ணும் மூக்கும் அதற்கு முன்பே சொல்லிவிடும்.

இனிப்பும் பிரியாணியும்

பிடித்த பண்டங்களுக்கு அளவைவிட இடைவெளியை மாற்றுவது எளிது. கால் துண்டு அல்வாவைத் தினமும் சாப்பிட்டு ஏங்குவதைவிட, மாதம் ஒருமுறை ஒரு முழுத் துண்டைத் தட்டில் வைத்து, வேறு வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிடுவது மேல். எது உங்கள் பண்டம் என்று தேர்ந்துகொள்ளுங்கள். திருநெல்வேலி அல்வாதான் உயிர் என்றால் அதற்காக லட்டையும் பாதுஷாவையும் பிஸ்கட்டையும் விடலாம். பிடித்த ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டவர்களுக்கு மற்ற ஒன்பதை விடுவது பெரிய துன்பமாகத் தெரிவதில்லை.

வீட்டுக்கு வரும் ஸ்வீட் பாக்ஸுக்கு ஒரு விதி வேண்டும். பிரித்த அன்று ஆளுக்கு ஒன்று. மீதி அன்றைக்கே அக்கம்பக்கத்துக்கோ வேலைக்கு வருபவர் வீட்டுக் குழந்தைகளுக்கோ போய்விட வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குள் போன இனிப்பு இரவு பத்து மணிக்குக் கூப்பிடும். தீபாவளி, கல்யாணம் போன்ற நாட்களில் கணக்குப் பார்க்காதீர்கள். பார்த்தால் பந்தியில் உங்களுக்கும் நிம்மதி இல்லை, பரிமாறுகிறவருக்கும் இல்லை. ஆண்டில் பத்துப் பதினைந்து விருந்து ஒருவரைக் கெடுத்துவிடாது. விருந்துக்கு மறுநாள் கஞ்சியும் துவையலும் என்று நம் வீடுகளில் முன்பு இருந்த வழக்கத்தை மீட்டுக்கொள்ளலாம்.

பிரியாணிக்கும் இதே முறை. ஞாயிறுதோறும் என்பதை ஒன்றுவிட்ட ஞாயிறு ஆக்குங்கள். மட்டன் சுக்கா, சிக்கன் 65, பிரியாணி மூன்றும் ஒரே வேளையில் வேண்டாம். அன்று தயிர்ப் பச்சடியை ஒரு கரண்டிக்குப் பதில் ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் வறுத்த மீனைவிடக் குழம்பு மீன். சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டினால் தவறில்லை.

எழுபதுக்கு மேல் கணக்கு மாறும்

இதுவரை சொன்னது ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருப்பவர்களுக்கு. எழுபத்தைந்து, எண்பதில் பல வீடுகளில் பிரச்சினை நேர் எதிராகிவிடும். பசி குறையும், பல் போகும், தனியாகச் சமைக்கச் சலிப்பு வரும். காலையில் டீயும் பிஸ்கட்டும், இரவில் பாலும் பன்னும் என்று நாள் ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் "அப்பா ரொம்பக் கம்மியாத்தான் சாப்பிடுறார், கட்டுப்பாடா இருக்கார்" என்று தோன்றும். உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும். முயற்சி செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்தால், 60 கிலோவில் 3 கிலோ, மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இந்த வயதில் முதலில் பார்க்க வேண்டியது பல். கடிக்க முடியாதவர் காயையும் கடலையையும் கறியையும் ஒதுக்கிவிட்டு, மென்மையான மாவுப் பண்டங்களுக்குள் போய்விடுகிறார். பல் மருத்துவரிடம் ஒரு செட் கட்டிக்கொடுப்பதே சிலருக்கு உணவை மாற்றிவிடும். அதுவரை குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, மசித்த கீரை, முட்டை, தயிர், முள் நீக்கிய மீன், அரைத்துச் செய்த சுண்டல் கொடுக்கலாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்களும் வைட்டமின் பி12 அளவை ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது; குறைந்தால் கால் மரத்துப்போவதும் மறதியும் வரும், அதை வயோதிகம் என்று விட்டுவிடுவார்கள்.

எண்பத்து மூன்று வயது மாமியார் ஒரு ஜாங்கிரி கேட்டால், "அத்தை, உங்களுக்குச் சுகர்" என்று மறுத்துவிட வேண்டாம். மதியச் சாப்பாட்டோடு, அன்றைய சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கேட்டதைக் கொடுக்கலாம். நன்றாக நடமாடும் அறுபது வயதுக்காரருக்கு வைக்கும் சர்க்கரை இலக்கை எண்பது வயதில் மருத்துவர்களே தளர்த்துகிறார்கள். அவருக்கு எது பொருந்தும் என்று அடுத்த முறை போகும்போது கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை மாத்திரை டப்பாவோடு வைத்துவிட்டால், ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு உறவினரும் ஒவ்வொரு பத்தியம் சொல்லும்போது வீட்டில் இருப்பவர்களுக்கு அது கைகொடுக்கும்.